மச்சானுக்கு வைத்த மல்லுங்

கோபித்துக்கொண்டு போன மச்சானுக்குச் சமைத்துப் போடுவதைப் போல ஆபத்தான தொழில் எங்கள் கற்பிட்டிக் கரையில் வேறு இல்லை. கடலுக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கடலில் பிழை விட்டால் வலைதான் போகும். சாப்பாட்டு மேசையில் பிழை விட்டால் குடும்பமே போகும். (போகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

என் மனிசி றீற்றா சிலாபத்துப் பெண். அவளுடைய அண்ணன் லீனஸ் தேங்காய் வியாபாரி. தங்கைக்கு வேறு இடத்தில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார். அவளோ, "சூசையத்தான் கட்டுவன்" என்று ஒற்றைக் காலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு நின்றது அண்ணன் தங்கைப் பேச்சு. மாமி மட்டும் மகனுக்குத் தெரியாமல் வந்து போவார். ஒருமுறை வந்தபோது தன் வீட்டில் அழகுக்கு வளர்த்த அம்பிலைச் செடியில் ஒரு துண்டு வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தார். அடுத்த மழைக்கு மாமி இல்லை. செத்த வீட்டில்கூட லீனஸ் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் செடியைத்தான் றீற்றா முன் அறையில் வைத்துப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். ஜன்னல் வெளிச்சம் வேண்டுமாம், வெயில் படக்கூடாதாம். மேல் மண் காய்ந்த பிறகுதான் தண்ணீராம். எங்கள் கிணறு உப்புக் கரிக்கும், இலை ஓரம் கருகும் என்று, காசுக்கு வாங்கும் குடிதண்ணீரில் அதற்கும் ஒரு பங்கு. நான் கடலால் வந்து தாகத்தோடு நின்றால், "கொஞ்சம் பொறுங்க, செடிக்கு ஊத்திட்டு வாறன்" என்பாள். நான் செடியை முறைத்துப் பார்ப்பேன். முறைத்தேனே தவிர, அதன் இலை எப்படியிருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மீன் என்றால் இருட்டிலும் பெயர் சொல்லுவேன். இலை என்றால் எனக்கு எல்லாம் கீரைதான்.

ஒருநாள் லீனஸ் ஆள் மூலம் சொல்லியனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறாராம். றீற்றாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணன் என்னோட ஒரு வார்த்தை கதைச்சாப் போதும். அம்மா போன இடத்தில நிம்மதியா இருப்பா" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனுக்குக் கொகில மல்லுங் எண்டா உசிர். இஞ்ச எங்க தேடுறது?" என்றாள்.

கொகில சதுப்பு நிலத்துச் செடி. எங்கள் மணலில் முளைக்காது. அம்பு மாதிரி இலை, தண்டில் முள் என்று கேள்விப்பட்டதோடு சரி. இலையை மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மாசிக் கருவாடும் போட்டுச் சட்டியில் ஒரு பிரட்டுப் பிரட்டினால் மல்லுங். அவ்வளவு தெரியும். படகில் சமையல் என் பொறுப்புத்தான் (தப்பிப் பிழைத்தவர்கள் சாட்சி).

ஞாயிறு விடிய றீற்றா ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டாள். நான் கிணற்றடிக்குப் போனேன். அங்கே ஒரு பேசினில் தண்ணீரும், தண்ணீரில் ஒரு கட்டு இலையும். அம்பு மாதிரி இலை! என் ஆண்டவரே, எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். முள் இல்லையே என்றுகூட யோசித்தேன். நல்ல இளசு போல என்று சந்தோசப்பட்டேன். அரியும்போது கை அரித்துக் கடித்தது. கொகில என்றால் கடிக்கும்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொன்னேன். இவ்வளவு புத்தியை ஒரே காலையில் நான் வேறு எப்போதும் செலவழித்ததில்லை.

உப்புப் புளி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எட்டு மணிப் பூசையில் நான் நன்மை அப்பம் வாங்க வேண்டும். நன்மைக்கு முன் வாயில் ஒன்றும் படக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. அதனால் பக்தியோடு, ருசி பார்க்காமல், மூடி வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனேன்.

மத்தியானம் லீனஸ் வந்தார். கதிரையில் இருந்தார். என்ன கேட்டாலும் "ம்". றீற்றா நண்டும் இறாலும் வைத்தாள். நான் மல்லுங்கைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். "கொகில" என்றேன். றீற்றாவின் கண் கலங்கிவிட்டது. "எங்கயாலும் தேடி எடுத்திருக்கீங்களே" என்றாள். எனக்குக் கொஞ்சம் குழப்பம்தான். ஆனாலும் புகழ்ச்சியை யார் திருப்பிக் கொடுப்பார்?

லீனஸ் நண்டைப் பார்க்கவில்லை. மல்லுங்கைத்தான் பார்த்தார். "அம்மா செய்யிற மாதிரி இருக்கா பாப்பம்" என்று சோற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு, பெரிய வாயாக இரண்டு வாய் போட்டார்.

மூன்றாம் வாய்க்குக் கை போகவில்லை. முகம் சிவந்தது. நாக்கை வெளியே போட்டார். அது உள்ளே திரும்பவில்லை. தொண்டையைப் பிடித்தார். வாயில் எச்சில் வடிந்தது. றீற்றா மல்லுங்கில் அரிபடாமல் கிடந்த ஒரு இலை நுனியைப் பார்த்தாள். கிணற்றடிக்கு ஓடினாள். வெறும் பேசினோடு திரும்பி வந்து கத்தினாள்.

"அடப் பாவி மனிசா! இது அம்மாண்ட செடி! கொடி நீண்டு போச்செண்டு வெட்டி, வேர் விடத் தண்ணியில போட்டு வைச்சன்! அண்ணனுக்கு ஒண்டு குடுத்துவிட வைச்சிருந்தன்!"

லீனஸை ஏற்றிய ஓட்டோ எங்கள் ஒழுங்கையைத் தாண்டு முன்னே செய்தி தாண்டிவிட்டது, சூசை மச்சானைக் கூப்பிட்டு வைத்து நஞ்சு கொடுத்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார். "அலங்காரச் செடியையா சமைத்தீர்கள்?" நான் ஆமென்று தலையாட்டினேன். "ஏன்?" என்றார். "மல்லுங்" என்றேன். உயிருக்கு ஒன்றுமில்லை, அந்த இலைப்பால் வாயைக் குத்தும், வீக்கம் வடியும் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் றீற்றா குலுங்கிக் குலுங்கி அழுதாள். லீனஸுக்கே பாவமாகிவிட்டது போல, எனக்கு ஒன்றுமில்லை என்று கையால் காட்டினார்.

"உனக்கு ஒண்டுமில்ல, தெரியும்" என்றாள் அவள். "செடிதான் போச்சு. பூச்சட்டியில அடியோட வெட்டி விட்டிருக்கன், மிஞ்சின அடிக்கட்டை தளிர்க்குமோ தெரியாது. அம்மா கையால தந்தது அது ஒண்டுதான்."

லீனஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் ஆடியது. மாமியின் செடிச் சட்டியை, செத்த வீடு முடிந்த கையோடு, வாடிப்போய்விட்டது என்று அவரே தூக்கி எறிந்தாராம். அதை அவர் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் திரும்பினார். தடித்த நாக்கைப் புரட்டிப் புரட்டி, வருசக் கணக்கில் பேசாத தங்கையிடம் முதல் வார்த்தை பேசினார்.

"இவனக் கட்டவா... என்னோட சண்டை பிடிச்ச?"

றீற்றா அழுகையோடு சிரித்தாள். நர்ஸ் பிள்ளை வந்து சத்தம் போடும் வரை சிரித்தாள்.

"தண்டு எங்க?" என்றார் லீனஸ் என்னிடம். மல்லுங்குக்கு இலை மட்டும்தானே. தண்டை நான் குப்பையில் எறிந்திருந்தேன். ஆஸ்பத்திரியால் வந்து, பொழுது சாயும் நேரம் அண்ணனும் தங்கையும் மீன் செதிலுக்கும் நண்டுக் கோதுக்கும் நடுவில் முழங்காலில் இருந்து தண்டு பொறுக்கினார்கள். கணு உள்ளதெல்லாம் பிழைக்கும் என்று றீற்றா சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் கழுவிக் கழுவி ஜாம் போத்தலில் இட்டார். என்னைக் கிட்ட விடவில்லை. அதில் வேர் விட்ட ஒன்று இப்போது சிலாபத்தில் அவர் வீட்டு ஜன்னலில் ஏறி நிற்கிறது. எங்கள் சட்டியும் தளிர்த்துவிட்டது.

போன மாதம் அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருந்து சோற்றில் கை வைக்கப் போகிறார்கள். லீனஸ் எழும்பினார்.

"கொஞ்சம் பொறுங்க. முதல்ல எங்கட மச்சான் ஒரு வாய் சாப்பிடட்டும்."

புதுச் சம்பந்திகள் அதை ஏதோ பெரிய மரியாதை என்று நினைத்து எனக்குக் கும்பிடு போட்டார்கள். நான் ஒரு வாய் சாப்பிட்டேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். லீனஸ் கிட்ட வந்து, "நாக்க நீட்டும்" என்றார். நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். றீற்றா அண்ணனின் தோளில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஒண்டும் ஆகல்ல" என்றார் சபையைப் பார்த்து. "இனிச் சாப்பிடுங்க."