உப்புத்தண்ணி குடித்த கம்பி

யாழினி, செழியா, ஸ்கூல் கண்காட்சியில் பேசின ரேடியோவைப் பத்தி அப்பா ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு எழுத்து அவ்வளவா வராது. தப்பு இருந்தா திருத்திப் படிங்க.

கள்ளக்குறிச்சியில் பேய்க்குப் பயப்படாதவங்க நெறைய பேர் உண்டு. காயில் பாய்க்குப் பயப்படாதவங்க நம்ம தெருவில் ஒருத்தரும் கிடையாது. நாய்கூட அவர் வீடு வந்தா எதிர்ப்பக்கம் மாறித்தான் போகும்.

மோட்டாருக்குள்ள செம்புக் கம்பியைச் சுத்தி காயில் கட்டுறது அவர் தொழில், அதான் அந்தப் பேரு. எலவனாசூர்கோட்டையிலிருந்தெல்லாம் கரிஞ்ச மோட்டாரைத் தூக்கிக்கினு வருவாங்க. மீந்த செம்புக் கம்பியைப் பைப்பு, கொட்டாங்குச்சி, ஒருதரம் தன் கையில் இருந்த மாவுக்கட்டு மேலகூடச் சுத்தி ரேடியோ செஞ்சார். பேட்டரி கிடையாது, கரண்டு கிடையாது. மாடியிலிருந்து வேப்பமரம் வரைக்கும் ஒரு கம்பி. எர்த்துக்கு, பின்பக்க மண்ணில் அடிச்ச ஒரு இரும்புக் கம்பி. நடுவில் ஒரு காயில், அரிசி மாதிரி ஒரு கண்ணாடி டயோடு. அடையாளத்துக்கு அதில் சிவப்பு நகப்பாலிஷ் பொட்டு வெச்சிருந்தார்.

அது கரண்டு போனாத்தான் நல்லா பேசும். பல்பு, இன்வெர்ட்டர் இரைச்சலெல்லாம் அடங்கணுமாம். காதில் வைக்கிற குமிழை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டு ஜன்னலில் வைப்பார். பொழுது சாயுற நேரம், தெருவே இருண்டு கிடக்கும். டம்ளருக்குள் ஒரு பொம்பளை மெல்லப் பேசுவாள். பால்காரம்மா சொம்பைப் போட்டுட்டு ஓடினது நீங்க பொறக்கறதுக்கு முன்னால.

அதைவிடத் திகிலு, தினம் காலையில் அந்த இரும்புக் கம்பிக்கு ஒரு சொம்பு உப்புத்தண்ணி ஊத்தி, "குடி, குடி"ன்னு சொல்றது.

எதிர்வீட்டு சரோஜா அக்கா ஒருநாள் கேட்டுட்டாங்க. "யார பாய் பொதச்சி வெச்சிக்கினு கீறீங்க?"

"ஒன்ன மாதிரி ஜாஸ்தி பேசற ஒருத்தியத்தான். மண்ணு காஞ்சா கொரலு போயிடும்மா."

யாழினி, கண்காட்சிக்கு முந்தின நாள் நீ செஞ்ச ரேடியோ ஊமையா கெடந்துச்சி. நீ சோறு தின்னாம அழுதே. நான் பாய்கிட்ட எடுத்துக்கினு போனேன். காயிலைத் தடவிப் பார்த்தார்.

"கடையில வாங்கின டயோடா இது? ரகமே வேற. இந்தச் சன்னக் கொரலு இதுக்குக் கேக்காது."

"பழைய ரகம் எங்க பாய் கெடைக்கும்?"

"நீ போய் டீ குடிச்சிட்டு வா."

வந்தேன். ரேடியோ பேசிக்கினு இருந்தது. "பழைய பெட்டியில ஒண்ணு கெடந்துச்சி"ன்னார். உனக்குப் பரிசு கெடச்சிது.

அதுக்கப்புறம் ஜன்னலில் டம்ளர் வரல. கேட்டதுக்கு, "சரோஜாவுக்கு நெஞ்சுவலி வந்துடப் போவுது"ன்னார். ஆனா கரண்டு போனப்பல்லாம் குமிழைக் காதில் சொருகிக்கினு, கண்ணை மூடி, தலையாட்டிக்கினு உக்காந்திருப்பார். "கல்வராயன் மலையில மழ எறங்குது, துணிய எடுங்க"ம்பார். வானம் வெள்ளையா இருக்கும். துணி மடிக்கறதுக்குள்ள மழை தெருவுக்கு வந்துடும்.

போன மாசம் பாய் மௌத்தானார். அடக்கம் முடிஞ்சதும் அவர் மகன் அந்த ரேடியோப் பெட்டியை என்கிட்ட கொடுத்துட்டு வீட்டைப் பூட்டிக்கினு போனார். திறந்து பார்த்தேன். டயோடு இருக்கவேண்டிய இடத்தில் ரெண்டு கம்பி முனை எட்டி நின்னுது. நடுவில் ஒண்ணுமில்ல, சிலந்தி நூல்தான். நம்ம அலமாரியில் இருந்த உன் ரேடியோவை எடுத்துத் திருப்பினேன், யாழினி. சிவப்புப் பொட்டு அதில் இருந்துச்சி.

அத்தனை மாசமும் ஊமைப் பெட்டியைத்தான் கேட்டுக்கினு இருந்திருக்கார். அப்போ மழையை அவருக்கு யார் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியல.

நேத்து சாயங்காலம் கரண்டு போச்சி. நீங்க டியூஷனுக்குப் போயிருந்தீங்க. ஒரு சொம்புத் தண்ணியில் கைப்பிடி உப்பைக் கரைச்சி, அந்தப் பூட்டின வீட்டுக்குப் பின்னால போனேன். மண்ணு வெடிச்சிக் கெடந்துச்சி. கம்பியைச் சுத்தி நனையற வரைக்கும் ஊத்தினேன். "குடி"ன்னு சொன்னேன்.