கோல் மகானும் இரண்டு தகரப் பொம்மைகளும்

ஊரெல்லாம் ஒரே பேச்சு. கோல் மகான் வந்துவிட்டார்!

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த பழைய பூப்பந்து அரங்கத்தைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, நீலத் துணி கட்டி அவரை உட்கார வைத்தார்கள். விடிந்ததும் வாசலில் வரிசை நின்றது. வங்கி மேலாளர் நின்றார். மீன் கடைக்காரர் நின்றார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். மற்ற விஷயங்களில் எப்படியோ, ஏமாறுவதில் எங்கள் ஊரில் உயர்வு தாழ்வே கிடையாது.

விஷயம் இதுதான். எங்களுக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பாலம். நாங்கள் நீலச் சட்டை. அவர்கள் சிவப்புச் சட்டை. சும்மா இருக்கும் நாட்களில் பாலத்தில் காய்கறி வரும், பழம் போகும், பெண் எடுப்போம், பெண் கொடுப்போம். கால்பந்து ஆட்டம் என்று அறிவிப்பு வந்துவிட்டால் போதும், அவர்கள் ஊர்க் காற்று அடித்தால்கூட ஜன்னலைச் சாத்துவோம்.

கொஞ்ச காலமாக நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். "பயிற்சி போதலை" என்றார் ஒரு பழைய ஆட்டக்காரர். அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயிற்சி என்றால் எழுந்து ஓட வேண்டும், வியர்க்கும். மந்திரம் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே ஜெயிக்கலாம். மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

மகானைப் பார்க்க வேண்டுமே! தொப்பை வரை தாடி. தோளிலிருந்து கால் வரை பளபளக்கும் நீலப் போர்வை. எதிரே ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர். அதில் இரண்டு தகரப் பொம்மைகளை மிதக்கவிடுவார். ஒன்றுக்கு நீலச் சட்டை, ஒன்றுக்குச் சிவப்புச் சட்டை. கண்ணை மூடி முணுமுணுப்பார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். சிவப்புப் பொம்மை மெல்ல ஆடும், சாயும், குடுகுடுவென்று குமிழி விட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நீலப் பொம்மை மட்டும் ஜாலியாக மிதக்கும்.

"கட்டிட்டேன்!" என்பார் மகான். "அவனுங்க பதினொரு பேர் காலையும் கட்டிட்டேன்!"

அரங்கம் அதிரும். மேலாளர் பேராசிரியரைக் கட்டிப்பிடிப்பார்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் எங்கள் தெரு முடிவெட்டும் கடைக்காரர். தங்கமான மனிதர். ஆனால் கால்பந்து என்றால் கிறுக்கு. கடைச் சுவரில் கண்ணாடி இருக்கும் இடம் போக மீதியெல்லாம் ஆட்டக்காரர் படம். நம் அணி கோல் அடிக்கும் நேரத்தில் அவர் கையில் கத்தி இருந்தால், காதைக் காப்பாற்றிக்கொள்வது வாடிக்கையாளர் பொறுப்பு.

ஒரு நாள் மகான் அவரை அருகில் அழைத்து மோப்பம் பிடித்தார்.

"உன் வீட்டுல அந்த நாட்டு மூச்சு இருக்கு."

கடைக்காரர் வெலவெலத்துப் போனார். இருந்தது. அவர் மனைவியே பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண்தான். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், வாசலில் சீட்டுக் கொடுக்கும் மகானின் கையாளுக்கும் சேர்த்து. ஆனால் மகான் வாயில் வந்தால் அது ஞானதிருஷ்டி.

"அவ விடுற மூச்சுல நம்ம கட்டு அவிழுது. ஆட்டம் முடியுற வரைக்கும் பாலத்தைத் தாண்டி அனுப்பிடு. அந்தப் பக்கம் யாரோடவும் போன்ல பேசாதே. பேசினா மந்திரம் வாய் வழியாக் கசியும். வெளியே மூச்சுக்காப்பு தர்றாங்க, வாங்கிக் கையில மாட்டிக்கோ."

மூச்சுக்காப்பு என்பது ஒரு ரப்பர் வளையம். விலையைக் கேட்டால் நமக்குத்தான் மூச்சு நிற்கும்.

கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஊர் நீச்சல் குளத்தில் அவள்தான் பயிற்சியாளர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் தண்ணீரில் மிதப்பது அவள் புண்ணியத்தில்.

"ஏம்மா... அம்மா வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சுல்ல?"

"போன மாசம்தானே போனேன்? என்ன விஷயம், நேராச் சொல்லுங்க."

சொன்னார். சொல்லி முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். கத்துவாள் என்றும் எதிர்பார்த்தார். இரண்டும் இல்லை. துண்டை மடித்து நாற்காலியில் போட்டாள்.

"அப்போ பாப்பா? அவ பாதி அந்த நாடு, பாதி இந்த நாடு. எந்தப் பாதியை அனுப்பப் போறீங்க?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். மகானும் அதைச் சொல்லவில்லையே!

"சரி, போறேன். நீங்க போகச் சொன்னதாலதான் போறேன், ஞாபகம் வச்சுக்குங்க. பாப்பாவுக்குத் தலை வாரி விடுங்க. ஊருக்கே வாரி விடுறீங்க, அதாவது தெரியும்ல?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் தெருமுனை வரை கூட வந்தார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்தைத் தாண்டி அம்மா வீட்டு வாசலுக்குப் போனால், தம்பி கதவை மறித்துக்கொண்டு நிற்கிறான். தம்பி அங்கே பஸ் ஓட்டுகிறவன். சிவப்புச் சட்டைக்கு உயிரையும் கொடுப்பான், பஸ்ஸையும் கொடுப்பான்.

"அக்கா, கோவிச்சுக்காதே. ஆட்டம் முடியற வரைக்கும் உள்ளே வராதே. உன் மேல அந்த நாட்டு மூச்சு இருக்கு."

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"என்னடா சொன்னே?"

"நான் சொல்லலைக்கா, மகான் சொல்றாரு. அந்த மூச்சு பட்டா நம்ம கட்டு அவிழ்ந்துடுமாம்."

அவன் கையில் அதே ரப்பர் வளையம். நிறம் மட்டும் சிவப்பு.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். "எவன்டா என் பொண்ணை வாசல்ல நிறுத்துறது?" என்று மகன் காதைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். அக்கா உள்ளே போகவில்லை. "பெட்டியை உள்ளே வைம்மா. இந்த மகானை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று தம்பியையே துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அங்கே ஒரு காலிக் கிடங்கு. சிவப்புத் துணி. அதே கூட்டம், அதே வரிசை. அவர்கள் ஊர் மேலாளர், அவர்கள் ஊர்ப் பேராசிரியர். நடுவில் தொப்பை வரை தாடி, பளபளக்கும் சிவப்புப் போர்வை. தொட்டியில் இரண்டு பொம்மைகள். இங்கே மூழ்கியது நீலப் பொம்மை.

எங்கள் மகானை அவள் முன்பே பார்த்திருந்தாள். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது வாசலில் நின்று முழு வித்தையையும் பார்த்தவள். காலையில் எங்களுக்கு அவர்கள் காலைக் கட்டுகிறவரும், சாயங்காலம் அவர்களுக்கு எங்கள் காலைக் கட்டுகிறவரும் ஒரே ஆள்! தாடியைக்கூட மாற்றவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? இரண்டு கரைக்காரர்களும் முகம் கொடுத்துப் பேசாத வரைக்கும் அவருக்கு வேறு வேஷம் எதற்கு? எங்கள் சண்டைதான் அவருக்கு வேஷம்.

இதற்கு முன்பும் சில பெண்களைப் பாலம் தாண்டி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதார்கள். இவள் அழாமல் வேடிக்கை பார்க்கப் போனாள். மகானின் கெட்ட நேரம் அது.

தம்பியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான். அவள் வேறு விதமாகச் சொன்னாள்.

"டேய், எங்க பக்கத்துல ஒரு மகான் தினமும் உங்க டீமை மூழ்கடிக்கிறான். நீ இங்க சும்மா உட்கார்ந்திருக்கே."

"என்னது! எவன் அவன்? நாளைக்கே வர்றேன்!"

மறுநாள் காலை, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பி ஒரு நீலச் சட்டை போட்டான். உடம்பெல்லாம் அரித்தது. அக்காவோடு எங்கள் அரங்கத்துக்குள் நுழைந்து கடைசி வரிசையில் நின்று எட்டிப் பார்த்தான். வாய் திறந்தது. மூடவில்லை.

"அக்கா... இது எங்க மகா..."

"வாயை மூடு. கொஞ்ச நேரம் பொறு."

மகான் பொம்மைகளைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே முன்னால் போனாள். முதல் வரிசையில் இருந்த புருஷன் விழித்தார். அவருக்கு முந்தின நாளிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை. பாப்பாவின் இரட்டைப் பின்னலில் ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று கழுத்துக்குக் கீழேயும் போயிருந்தது வேறு கதை.

மகான் மூக்கைப் பொத்தினார். "அந்நிய மூச்சு! வெளியே போ!"

"போயிடறேன், மகானே. ஒரே ஒரு சந்தேகம். இந்த ரெண்டு பொம்மைக்கும் சட்டையை மாத்திப் போட்டு ஒரு தடவை விடுங்களேன்."

மகானின் கை நின்றது.

"அது... சாத்திரத்துல இல்லை."

"சிவப்புச் சட்டை போட்டவன் மூழ்கணும், அவ்வளவுதானே? எந்தப் பொம்மை போட்டிருந்தா என்ன?"

"நாட்டு உணர்வு சட்டையில இல்லை பெண்ணே, உடம்புல இருக்கு!"

"அப்போ ரெண்டையும் சட்டையைக் கழட்டிட்டு விடுங்க. எது எந்த நாடுன்னு மந்திரமே கண்டுபிடிக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவளுக்காகப் பரிந்து பேசியது பக்தர்களேதான்.

"மாத்திப் போடுங்க மகானே!" என்றார் மீன் கடைக்காரர். "எப்படிப் போட்டாலும் நம்மது மிதக்கும். இந்தம்மா வாயை அடைங்க!"

"ஆமா, மாத்துங்க! மாத்துங்க!"

முடிவெட்டும் கடைக்காரர் எழுந்தார். மகான் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. "குடுங்க, நான் மாத்தறேன்" என்று பொம்மைகளை வாங்கி, கண்ணை மகான் மேலேயே வைத்துக்கொண்டு, பழகிய விரலால் சட்டைகளைக் கழற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீரில் விட்டார்.

மகான் மந்திரம் சொல்லவில்லை. நெற்றி வியர்வை தாடிக்குள் இறங்கியது.

மந்திரம் இல்லாமலே ஒரு பொம்மை ஆடியது. சாய்ந்தது. குடுகுடுவென்று குமிழி விட்டது. அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

நீலச் சட்டை!

மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அய்யோ, நம்மாளு!" என்று ஒரு குரல் அழுதது. மேலே சிவப்புச் சட்டைக்காரன் ஜாலியாக மிதந்தான்.

கடைக்காரர் தொட்டிக்குள் கையை விட்டு மூழ்கியவனை வெளியே எடுத்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் ஒரு ஓட்டை. ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு."

"உப்புதான்" என்றாள் மனைவி. "உள்ளே வெறும் கூடு. ஓட்டையை உப்புக் கட்டியால அடைச்சிருக்கான். உப்பு கரையுற வரைக்கும் மிதக்கும். கரைஞ்சதும் தண்ணி உள்ளே போகும். அவன் முணுமுணுக்கிறது மந்திரம் இல்லை, கரையறதுக்கு நேரம்."

பின்வரிசையிலிருந்து தம்பி பாய்ந்து வந்தான்.

"மாமா! இவன் எங்க மகான்! நேத்து சாயங்காலம் உங்க காலைக் கட்டினான்!"

"மச்சான்? நீ எங்கேடா இங்கே? அதுவும் நீலச் சட்டையில?"

"அதை விடுங்க, இவனைப் பாருங்க!" என்று மகானின் போர்வையை ஒரே இழுப்பாக இழுத்துத் திருப்பிக் காட்டினான். வெளிப்பக்கம் நீலம். உள்பக்கம் பளபளவென்று சிவப்பு. மடியிலிருந்து உப்புக் கட்டிகள் தரையில் உருண்டன.

மகான் கடைசியாக ஒரு தத்துவம் சொல்லிப் பார்த்தார். "எனக்கு ரெண்டு நாடும் ஒண்ணுதான் குழந்தைகளா! நான் பேதம் பார்க்கிறதில்லை!"

அது ஒன்றுதான் அவர் சொன்ன உண்மை. பேதம் பார்க்காமல் இரண்டு பக்கமும் சுருட்டியிருந்தார்.

முன்வரிசையில் பக்தியோடு உட்கார்ந்திருந்த காவல் அதிகாரி எழுந்தார். கையிலிருந்த மூச்சுக்காப்பை யாரும் பார்க்காமல் கழற்றிப் பைக்குள் போட்டார். அதன்பிறகு மகானைக் கைது செய்தார்.

கூட்டம் கலைந்தது. கடைக்காரர் தன் மனைவிக்கு எதிரே வந்து நின்றார்.

"தப்புத்தாம்மா."

"உப்பு கரையுறதுக்குள்ள என்னை வெளியே அனுப்பிட்டீங்களே" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "ஒருத்தன் மோந்து பார்த்துச் சொன்னா, இத்தனை வருஷம் கூட இருந்தவ அந்நியமாயிடுவாளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாலத்தைத் தாண்டி மாமியார் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார். அவள் அன்று அவரோடு பேசவில்லை. மறுநாள் பாப்பாவின் தலையைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தாள். அப்புறம்தான் பேச்சு வந்தது.

ஆட்டம் நடந்தது. முடிவெட்டும் கடையில் மாமாவும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே பார்த்தார்கள். இரண்டு அணியும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பயிற்சி போதாதவர்கள் இரண்டு கரையிலும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் மீன் கடைக்காரர் கவலையோடு கேட்டார்: "ஒருவேளை மகான் நிஜமாவே ரெண்டு பக்கத்துக் காலையும் கட்டிட்டாரோ?"

அவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். கால்பந்தில் கையைப் பயன்படுத்தத்தான் தடை. அந்தக் கையைத்தான் நீங்கள் கூப்புகிறீர்கள், நீட்டுகிறீர்கள், பைக்குள் விட்டுக் காசை எடுத்துக் கொடுக்கிறீர்கள். தலையைப் பயன்படுத்த எந்த நாட்டு நடுவரும் விசில் ஊத மாட்டார். ஒரு தடவை பயன்படுத்தித்தான் பாருங்களேன்!