ஒரு வாளும் முப்பத்தைந்து காசுக் கழுதையும்

தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டில் செய்த சீரை அடுத்த தீபாவளி வரைக்குமாவது வைத்திருப்பதுதான் உலக வழக்கம். நான் அதில் ஒன்றை ஒன்பதாவது நாள் விற்றேன். விற்ற காசில் ஒரு கழுதை வாங்கினேன். அஸ்தினாபுரத்தில் என் மாமியார் வீட்டுத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள் என்பதால், நானே முந்திக்கொள்வது நல்லது.

வினை மறுவீட்டன்றே ஆரம்பித்துவிட்டது. மாலையும் கழுத்துமாக நானும் கவிதாவும் கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினோம். வாசலில் கவிதாவின் தங்கை நித்யா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். நான் ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். (பேசியது நூற்றைம்பது. அவர் கேட்டது நூற்றறுபது. நியாயம் என் பக்கம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.)

"இன்னா சார், மாலையோட வந்துகினு பத்து ரூபாய்க்குப் பேஜார் பண்றியே" என்றார் அவர், தெருவுக்கே கேட்கும்படி.

பத்து ரூபாயைக் காப்பாற்றிவிட்டு வெற்றியோடு திரும்பினால், ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்து போயிருந்தது. நித்யா அக்காவின் காதில் ரகசியமாக ஏதோ சொன்னாள். அவளுடைய ரகசியம் கொல்லைப்புறம் வரை கேட்கும். "அக்கா, மாமா கொஞ்சம் கஞ்சமோ?"

அந்த வீட்டில் நித்யாவின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. டிவி வாங்குவதிலிருந்து மாமியாருக்குப் புடவை எடுப்பது வரை அவள் தலையசைத்தால்தான் நடக்கும். கவிதாவுக்கோ தங்கைதான் உயிர். ஆகவே எப்படியாவது அவளிடம் நல்ல பெயர் வாங்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

நித்யாவுக்குச் சிறுசேரியில் வேலை. கம்பெனி பஸ் மேடவாக்கம் நெரிசலில் நிற்கும் நேரமெல்லாம் போனில் ஒரு கேம் ஆடுவாள். ராஜா காலத்து உலகம். டிராகன், பூதம், மந்திரவாதி எல்லாம் உண்டு. நிறைய பேர் ஒரே நேரத்தில் அதற்குள் உலாவலாம், பொருள்களைக் கைமாற்றிக்கொள்ளலாம். நானும் சேர்ந்துகொள்கிறேன் என்றேன். ஆரம்பத்தில் காசை நானேதான் சம்பாதிக்க வேண்டும், அதுதான் அந்தக் கேமின் ருசியே என்று சொல்லி என் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

புதிதாக வருகிறவனுக்கு ஒரு கிழிந்த சட்டையும் ஒரு குச்சியும் தருவார்கள். மற்றவர்கள் அந்தக் குச்சியால் ஓநாயை அடித்துக் காசு பார்ப்பார்கள். நானும் ஓர் ஓநாயைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. அன்றோடு நான் மூலிகை பறிக்கும் தொழிலுக்கு மாறிவிட்டேன். ஆற்றங்கரையில் குனிந்து குனிந்து ஐந்து கட்டு பறித்தால் ஒரு காசு. பூதங்கள் அவசரத்தில் விட்டுவிட்டு ஓடிய ஒற்றைச் செருப்புகளையும் பொறுக்கி விற்றேன். மூன்று வாரத்தில் பதினொரு காசு சேர்ந்தது. ஒரு சட்டையாவது வாங்குங்கள் மாமா என்று நித்யா இரண்டு முறை சொன்னாள். கிழிசல் முதுகுப் பக்கம்தானே, எனக்குத் தெரியவில்லை என்று பதில் சொன்னேன். (நல்ல பெயர் வாங்கத்தான் இதெல்லாம் என்பதை நினைவில் கொள்ளவும்.)

தலைதீபாவளி வந்தது. மாமனார் மோதிரம் போட்டார். மாமியார் பட்டு வேட்டி கொடுத்தார். எல்லோரும் பட்சணத்துக்கு உட்கார்ந்தபோது நித்யா என் போனை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். என் மூட்டைக்குள் நீல நெருப்பு எரிகிற ஒரு வாள் இருந்தது. டிராகனை வீழ்த்தியவர்களுக்கு மட்டும் கிடைப்பது. "இது என்னோட சீர் மாமா" என்றாள். கற்பூரம் அணைந்ததை அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த வாளை முப்பதாவது நிலைக்கு வந்தவர்கள்தான் தூக்க முடியும். நான் மூன்றாவது நிலை. மூட்டையில் அது நாற்பது கட்டு மூலிகையின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். வருமானம் பாதியாகிவிட்டது. ஒன்பதாவது நாள் ஊர்க் கடைக்காரனிடம் வாளை நீட்டினேன். அந்தக் கேமில் கடைக்காரன் தன் கல்லாவில் இருப்பதற்கு மேல் தரமாட்டான். இவன் கல்லாவில் முப்பத்தெட்டு காசு இருந்தது. அத்தனையையும் வழித்துக் கொடுத்தான். ஒரு கடையின் கல்லாவையே காலி செய்தது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை.

நேராகச் சந்தைக்குப் போய் முப்பத்தைந்து காசுக்கு ஒரு கழுதை வாங்கினேன். இருநூறு கட்டு சுமக்கும். பழைய பதினொரு காசைத் தொடவில்லை. அது சேமிப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் வீட்டில் விருந்து. நித்யா பாராட்டுவாள் என்று நம்பி, நான் போனை நீட்டிக் கழுதையைக் காட்டினேன். அவள் கொடுத்த வாளில்தான் இது வந்தது என்றும் பெருமையாகச் சொன்னேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து சமையலறைக்குள் போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"அம்மா, தீபாவளிக்குக் குடுத்தத மாமா வித்துட்டாரும்மா."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. மாமியார் கரண்டியோடு வந்து என் விரலைப் பார்த்தார். விரலில் மோதிரம் இல்லை. லூசாக இருந்ததால் அளவு குறைக்கக் குரோம்பேட்டையில் ஒரு பத்தரிடம் கொடுத்திருந்தோம். அதைத்தான் சொன்னேன். மோதிரத்தைத் தொலைத்த மாப்பிள்ளைகள் எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள் என்பது மாமியாரின் முகத்திலேயே தெரிந்தது. மாமனார் டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேலைல ஏதாவது பிரச்சனையா மாப்ள? கூச்சப்படாம சொல்லுங்க. நாங்கல்லாம் இல்லையா?"

"மோதிரம் இல்ல மாமா. நான் வித்தது வாளு. அதுல ஒரு கழுதை வாங்கினேன்."

மாமனார் மெதுவாக ஓர் அடி தள்ளி உட்கார்ந்தார். மாமியார் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து விபூதியை எடுத்துவந்து என் நெற்றியில் பட்டையாகப் பூசினார்.

இத்தனைக்கும் மோதிரத்தைப் பத்தரிடம் கொடுத்ததே கவிதாதான். ரசீது அவள் கைப்பையில் இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்ததை முடித்தாள், இன்னொன்றையும் முடித்தாள், அதற்குப் பிறகுதான் ரசீதை எடுத்து நீட்டினாள். (எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தாளாம்.)

வீடே சிரித்து ஓய்ந்தது. கழுதையை ஆளுக்கொரு முறை பார்த்தார்கள். அதற்குத் தீனி யார் போடுவது என்று மாமனார் அக்கறையாக விசாரித்தார். நித்யா மட்டும் சிரிக்கவில்லை.

"எட்டு மாசம் மாமா. டெய்லி பஸ்ல ஆடி ஆடி வாங்கினது. வேற யாருக்கும் குடுக்கத் தோணல" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கஞ்சன் என்று சொன்னபோதுகூட எனக்கு வெட்கமாக இல்லை. அன்றைக்கு இருந்தது. அவள் கொடுத்ததில் நான் பார்த்தது அது அடைத்த இடத்தை மட்டும்தான். சோறு இறங்கவில்லை. கை கழுவிவிட்டு மொட்டை மாடிக்குப் போய், கேமில் அந்தக் கடைக்கு ஓடினேன். வாள் சுவரில் தொங்கியது. விலை ஒன்பதாயிரம் காசு. அந்தக் கேமில் பேரம் பேசும் வசதி கிடையாது. மறுவீட்டு ஆட்டோக்காரர் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பிறகென்ன, நானும் கழுதையும் மூலிகை பறித்தோம். தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது பறித்தோம். பத்தர் கடையில் காத்திருக்கும்போது பறித்தோம். அடுத்த தீபாவளிக்கு மாமனார் எனக்கு ஒரு வெள்ளி டம்ளர் கொடுத்தார். விளிம்புக்குக் கீழே என் பெயர் வெட்டியிருந்தது. அதற்கும் கீழே, 'விற்பனைக்கு அல்ல' என்று வெட்டியிருந்தது. கடைக்கு அவரே போய், பக்கத்தில் நின்று வெட்டச் சொன்னாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் கவிதா அதில்தான் காபி கொடுப்பாள். அவர்கள் படித்துவிட்டுக் கேட்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பாள்.

போன தை மாதம் நித்யாவுக்குக் கல்யாணம். வரவேற்பில் மேடைக்கு ஏறி, போனைப் பார் என்றேன். மாமியாரின் கைப்பையிலிருந்து அதை வாங்கித் திறந்தாள். நீல நெருப்பு எரிந்தது. பின்னால் மொய்க் கவரோடு ஐம்பது பேர் நிற்கிறார்கள், போட்டோக்காரர் இங்கே பாருங்கள் என்று கத்துகிறார், மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. நித்யாவின் கண்ணில் மை கலங்கியது.

"நான் விக்க மாட்டேன் மாமா" என்றாள். மறுபடியும் போனில் கழுதையோடு நின்ற என்னைப் பார்த்தாள். "அந்தச் சட்டைய மட்டும் மாத்துங்களேன்."

சட்டை இன்னும் வாங்கவில்லை. இப்போதெல்லாம் மாமியார் போன் செய்தால் முதலில் கழுதை சௌக்கியமா என்றுதான் கேட்கிறார், நான் அதற்குப் பிறகுதான். சௌக்கியமாகத்தான் இருக்கிறது. போன வாரம் ஒருவர் அதை நாற்பத்திரண்டு காசுக்குக் கேட்டார். ஏழு காசு லாபம். கொடுக்கவில்லை.