முந்நூற்று நாற்பது கிராம் பச்சைப்பயறு

கடவுள் கருணை துணை.

அன்புத் தங்கைக்கு அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் கல்யாணப் பெண்ணும் சௌக்கியமாக இருக்கணும் என்று காலையும் மாலையும் மேலே இருப்பவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று போன மாதம் எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. வருகிறேன். காரணத்தை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி.

இடது மார்பை எடுத்தபிறகு நான் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நடக்கிறேன் என்று என்னைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் கண்டுபிடித்தாள். இரண்டு பக்கமும் எடை சமமாயிருந்தால்தான் தோளும் முதுகும் வலிக்காதாம். அளவாகச் செயற்கை மார்பு ஒன்று வரவழைத்துத் தருகிறேன், ஒரு மாதமாகும், அதுவரை பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பஞ்சுக்கு ஏதடி எடை? சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தராசுத் தட்டின்மேல் குனிந்து வலதுபக்கத்தை நிறுத்துப் பார்த்தேன். உன் அத்தான் வெளியே நின்று என்ன நிறுக்கிறே என்று கேட்டார், உப்பு என்றேன். முந்நூற்று நாற்பது கிராம். வீட்டுக் கணக்கு நோட்டிலும் உப்பு என்றே எழுதிவைத்தேன். பழைய உள்பாவாடைத் துணியில் பை தைத்து, அதே எடைக்குப் பச்சைப்பயறு கொட்டி வாயைத் தைத்தேன். கச்சிதம். பிரார்த்தனைக்கே வைத்துக்கொண்டு போனேன், கடவுள் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் வியர்வை வாடை என்று பையை அலசிக் காயப்போட்டேன். மேலே காய்ந்திருந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் அந்த இடத்தில் குறுகுறுப்பு, ஈரம், கை வைத்தால் கெட்டியாய் வீக்கம். உனக்குத்தான் தெரியுமே, ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை, குளிப்பதும் உடுத்துவதும் கண்ணை மூடிக் கடவுள் பேரைச் சொல்லித்தான். போச்சு, நோய் திரும்ப வந்துவிட்டது என்று முடிவுகட்டி, என் நகைகளை யார் யாருக்கு என்று வழியெல்லாம் பிரித்துக்கொண்டே (உனக்கு வளையல்) நர்ஸிடம் ஓடினேன். அவள் ஊக்கைக் கழற்றிப் பார்த்தாள், நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மோதிரம் யாருக்கு என்று யோசித்தேன்.

"அம்மா, கண்ணைத் திறங்க. பயறு முளைச்சிருக்கு."

பைத் துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளைவெள்ளையாய் வால் விட்டிருந்ததடி. சிரித்துவிட்டு அதோடு விட்டாளா? கண்ணாடி முன்னால் நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ இதையும் பாருங்க. உங்க உடம்பை நீங்க பார்க்கலேன்னா, நிஜமாவே ஏதாச்சும் வந்தா யாருக்குத் தெரியும்?"

பார்த்தேன். ஒரு கோடு, அவ்வளவுதான்டி. நான் தைத்த பையைவிட நேர்த்தியான தையல். மாதம் ஒருமுறை விரலால் எப்படித் தடவிப் பார்க்கணும், எது மாறினால் உடனே வரணும் என்று சொல்லிக்கொடுத்தாள். நான் அழ, முளைப்பயறைக் கையில் வைத்துக்கொண்டே அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது பையில் கண்ணாடி மணி, அதே எடை. முளைக்காது என்று நர்ஸே சொல்லிவிட்டாள்.

ஆகவே உன் தையல்காரரிடம் என் ரவிக்கைக்கு இடதுபக்கம் உள்பை வைக்கச் சொல். போட்டோவில் என்னை ஓரமாய், இடதுபக்கம் சுவரைப் பார்த்து நிற்க வை. யாரும் என்னைக் கட்டிப்பிடிக்காமல் பார்த்துக்கொள். வளையல் இப்போதைக்குக் கிடையாது.

பெண்ணும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாயிருக்க ஆசியுடன்,
உன் அக்கா.

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பியவள் திரும்பி வந்து எழுதுகிறேன். தெருமுனையில் பக்கத்து வீட்டம்மா பிடித்துக்கொண்டு, தன் மருமகளைப் பற்றி அரைமணி நேரம் என் முகத்துக்கு நேரே பேசினாள், போகும்போது கட்டியும் பிடித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், காலையில் அலசிக் காயப்போட்ட பை இன்னும் கொடியிலேயே தொங்குகிறது. உள்பை வேண்டாம். என்னை நடுவில் நிற்க வை.