கழுத்தில் ஏறிய கருப்பு

எனக்குப் பெருநோய், அதாவது தொழுநோய், வந்துவிட்டது என்று ஒரு கோடை முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். எந்த வைத்தியரும் சொல்லவில்லை, கண்ணாடி சொன்னது. கழுத்திலிருந்து தோள்பட்டை வரை திட்டுத் திட்டாகக் கருப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிது. பாரூர்க்காரனான எனக்கு நெல் தெரியும், கரும்பு தெரியும். மாமனாருக்கோ கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு. பறித்த காயைக் காம்பு கீழே இருக்கும்படி கவிழ்த்துவைத்து, பால் வடிந்த பிறகுதான் அங்கே கூடையில் போடுவார்கள். புது மாப்பிள்ளை அதுவரை காத்திருப்பாரா? (அதுவும் புது மனைவி சரோஜா பார்த்துக்கொண்டிருக்கும்போது!) பறித்த கையோடு கூடையை நிரப்பி, வெறுந்தோளில் தூக்கிக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்தேன்.

ஊர் திரும்பியதும் தோல் எரிந்தது, பிறகு கருத்தது. யாரையும் கேட்காமல் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்துக்கொண்டு வரப்பில் வெயில் காய்ந்தேன். கருப்பு இன்னும் ஏறியது. அவ்வளவுதான், முடிவே கட்டிவிட்டேன். கழுத்தைச் சுற்றித் துண்டு. தனித் தட்டு, தனி டம்ளர். படுக்கை மாட்டுக் கொட்டகையில். சரோஜா பக்கத்தில் வந்தாலே எழுந்து போய்விடுவேன். பெரிய தியாகம் செய்வதாக நினைப்பு. (மாடு என்ன பாவம் செய்தது என்று தோன்றவே இல்லை.)

ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போக மாமனார் வந்தார். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு சரோஜா கொட்டகைக்கு வந்தாள்.

"ஆடி முடிஞ்சு நான் திரும்பி வரட்டுமா, வேண்டாமா? என்னைப் புடிக்கலைன்னா அதையாவது வாயத் தெறந்து சொல்லுங்க."

துண்டை அவிழ்த்தேன். "கிட்ட வராதே. இது அந்த நோய்."

அவள் கிட்டத்தான் வந்தாள். முதலில் கழுத்தில் கையை வைத்தாள். அப்புறம்தான் உற்றுப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

"இது மாங்காப் பால் சுட்டதுங்க. எங்க வீட்டுல யாருக்குத்தான் சுடல?"

மறுநாள் கிருஷ்ணகிரி டாக்டர் திட்டின் மேல் ஊசியால் குத்தினார். நான் போட்ட கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "உணர்ச்சி பிரமாதமா இருக்கு" என்றார். அந்த நோய்க்கே இப்போது மாத்திரை இருக்கிறது, அதற்காகக்கூட மாட்டோடு படுக்க வேண்டியதில்லை என்றார். எலுமிச்சையை நிறுத்தச் சொன்னார். வெயில் படாமல் மூடச் சொன்னார். வேறு எதையும் பூசக் கூடாது என்றார்.

இன்றைக்கும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் என் பெண்கள், "அம்மா, அப்பாவுக்குத் தனித் தட்டா?" என்று கேட்பார்கள்.

நடந்தது இவ்வளவுதான். பால் சுட்ட இடத்தில் எலுமிச்சை தேய்த்து வெயிலில் நின்றேன், கருத்தது. தேய்ப்பதை விட்டேன், தை பிறப்பதற்குள் மங்கிவிட்டது. ஆடிக்கு சரோஜா தாய்வீடு போனாள். வெட்கத்தை விட்டு நானும் கூடவே போனேன்.