நாலாம் பாகத்தை யார் எடுப்பது?

மர்பி டவுனில் எங்கள் தெருவுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைப் போல விண்வெளிப் படங்களுக்காகக் கவலைப்பட்டவர் ஹாலிவுட்டிலேயே இருந்திருக்க மாட்டார். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. 'நாலாம் பாகம்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. விண்கலத்தில் ஏறிப்போன ஒரு கேப்டனின் கதை மூன்று பாகங்களாக வந்து, தெருவே வாடகைக் கேசட்டில் பார்த்து முடித்திருந்தது. நாலாவதை யார் இயக்குவது என்பதில்தான் சண்டை. முதல் படத்தை எடுத்த கிழவரா, விளம்பரப் படங்களில் பேர் வாங்கிய புது இயக்குநரா? நாலாம் பாகம், கிழவர் கட்சி. சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே வீட்டுக்கு வீடு இதைக் கேட்பார். கிழவர் என்று சொன்ன வீட்டுக்கு அடுத்த முறை முதல் நடையிலேயே சிலிண்டர் வரும். புதியவர் என்றால் கடைசி நடை. 'யாரோ ஒருத்தர் எடுக்கட்டுமே' என்பவர்கள் பாடுதான் மோசம். சிலிண்டரை வாசலில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து மூன்று பாகங்களையும் விளக்குவார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் தன் வீட்டுக்குள் போக வழியில்லாமல் நின்றார்.

என் கணவர் புதியவர் கட்சி. அதை மறைக்கவும் தெரியாதவர்.

எங்களுக்கு ஒரே சிலிண்டர். மகளுக்கு ஏழு மாதம். பாட்டில், நிப்பிள், தண்ணீர் எல்லாவற்றையும் கொதிக்கவைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எவ்வளவு நேரம் என்று கேட்க மறந்துவிட்டேன். அதனால் இருபது நிமிடம் கொதிக்கவிடுவேன். போதுமா என்ற சந்தேகத்தில் இன்னும் ஐந்து நிமிடம். கேஸ் எப்படி நிற்கும்? மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. தவழத் தொடங்கிய குழந்தையை வைத்துக்கொண்டு அதைப் பற்றவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பாட்டில்கள் பாத்திரத்தில் கிடக்க அடுப்பு அணைந்தது. பதிவு செய்து பல நாட்கள் ஆகியிருந்தன. நல்லவேளையாகக் கீழே சிலிண்டர் வண்டிச் சத்தம் கேட்டது.

கணவரிடம் ஓடினேன். "இன்னிக்கு ஒரு நாள் வாயத் திறக்காதீங்க. கேட்டா கிழவர்னு சொல்லிடுங்க."

"சரி, சரி."

சிலிண்டர் மாடிப்படி ஏறி முடிகிற வரைக்கும் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

"இன்னா சார், உங்காளு எடுத்த படம் பாத்தேன். கேமராவ சும்னே சுத்தறான். எனக்குத் தலை சுத்திப் போச்சு," என்றார் நாலாம் பாகம், கன்னடம் கலந்த தன் தமிழில்.

"உங்க கிழவர் கேமராவ நட்டுவெச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவாரே, அது மட்டும் நல்லா இருக்கா?"

"சார், ஸ்வல்ப மரியாதையா பேசுங்க. பெரிய மனுசன்."

சீல் உடைக்காத சிலிண்டரின் மேல் அவர் உட்கார்ந்துவிட்டார். உள்ளே மகள் பசியில் அழ ஆரம்பித்தாள். கீழ்வீட்டு அம்மாள் கத்தினார்: "டேய் நாலாம் பாகம், எங்க வூட்டு சிலிண்டர் எங்கடா?"

"இருங்கக்கா! இப்பத்தான் ரெண்டாம் பாகத்துல இருக்கோம்!"

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கக்கா. யாரு எடுக்கணும்?"

கிழவர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"யார் எடுத்தா என்ன? முதல்ல அந்த கேப்டன் வீட்டுக்கு வரட்டும். முதல் படத்துல கைக்குழந்தைய விட்டுட்டுக் கிளம்பினான். மூணு படம் முடிஞ்சிடுச்சு. அது சாப்பிட்டுதா, தூங்கிச்சான்னு ஒரு டைரக்டருக்காவது தோணிச்சா?"

சொல்லி முடித்ததும் பயந்துவிட்டேன். இனி கடைசி நடைகூடக் கிடைக்காது என்று நினைத்தேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். "இத நீங்க சொல்லவே இல்லியே சார்?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்," என்றார் கணவர்.

நாலாம் பாகம் மெதுவாக எழுந்தார். சிலிண்டரை உள்ளே தூக்கிவந்து, ரெகுலேட்டரை மாட்டி, கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, அடுப்பையும் அவரே பற்றவைத்தார். "பாட்டில் கொதிக்கட்டும்கா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த முறை முதல் நடையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருவுக்குத்தான் கஷ்டகாலம். இப்போது வீட்டுக்கு வீடு, 'கேப்டன் வீட்டுக்கு வரணுமா, வேணாமா?' என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லாத சமையலறையே இல்லை. கீழ்வீட்டு அம்மாள் மட்டும் கேப்டனை முக்கால் மணி நேரம் திட்டினார். பகலில் முடிய வேண்டிய விநியோகம் விளக்கு வைக்கிற நேரம்வரை இழுத்தது. காரணம் நான்தான் என்று யாருக்கும் தெரியாது. அவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு நாங்கள் வேறு பகுதிக்கு மாறினோம். இங்கே இரண்டு சிலிண்டர்கள். கொண்டுவருபவர் இறக்கிவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேசாமல் போய்விடுவார்.

நாலாம் பாகம் ஒருவழியாகத் திரைக்கு வந்தது. இரண்டு கட்சிக்கும் சம்பந்தமில்லாத யாரோ எடுத்திருந்தார். பார்த்துவிட்டு வெளியே வந்ததும், "எப்படி இருந்தது?" என்று கேட்டார் கணவர்.

"நம்ம பழைய சிலிண்டர்காரர்கிட்ட பேசாம எப்படிச் சொல்றது?" என்றேன்.