ஒடுக்கி எங்கே இருக்கும்?

அடம்பன்,
திங்கட்கிழமை.

திருக்கேதீச்சரநாதர் துணை.

தோஹாவில் வீட்டு வேலை பார்க்கும் என் அன்பு மனைவி சிவராணி அறிவது,

நான் நலம். மாடும் கன்றும் நலம். ஊரார் பிரிட்ஜையெல்லாம் திருத்துகிற எனது பிரிட்ஜ் மட்டும் நலமில்லை. நீ போன இந்த நாலு வருடமாக அதற்குள் வைக்க ஒன்றுமில்லை, ஆகவே நானும் திருத்தவில்லை. உன் மேடம் வெள்ளிக்கிழமையில் தருகிற பத்து நிமிடப் போனில் எட்டு நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுவதால், லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் நுஸ்ரியாவிடம் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கட்டோ என்று கேட்டாய் அல்லவா? வை. தோஹாவிலேயே ஒரு கொம்பனி என்னை ஏசி மெக்கானிக்காக எடுக்கும் என்று ஏஜென்சிக்கார ஹலீம் சொல்கிறார். நானும் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் முகத்தையாவது பார்க்கலாம். ஒரேயொரு தடை, தொழில் தகைமைச் சான்றிதழ் வேண்டுமாம், நாலாம் மட்டம். இருபத்திரண்டு வருசமாய் ஏசி கழட்டிப் பூட்டின எனக்கு இனித்தான் மட்டம் பாக்கப் போகினம்!

போன புதன் மன்னாரில சோதினை. செய்முறையில கேஸ் கசிவு பிடிக்கச் சவர்க்கார நுரை பூச வேணும். அவசரத்தில நான் எடுத்துக்கொண்டு போனது, நீ அனுப்பின மணச் சவர்க்காரம், அலுமாரியில உன்ர சீலைகளுக்குள்ள வச்சிருந்தனே, அது. நுரைச்ச உடன மண்டபம் முழுக்க உன்ர சீலை வாசம். எனக்குக் கண்ணால தண்ணி ஓடுது. சோதினை எடுத்த யதுர்சிகா மிஸ், கேஸ்தான் கண்ணில பட்டிட்டுது எண்டு பயந்து எல்லாரையும் வெளியால கலைச்சுப் போட்டா. கசிவை நான் சரியாத்தான் பிடிச்சனான்.

பிறகு வாய்மொழி. அந்தப் பிள்ளை புத்தகத்தைப் பாத்து, "ஐயா, ஒடுக்கி எங்க இருக்கும்?" எண்டு கேட்டா. நான் திகைச்சுப் போனன். எங்கட வீட்டுக் கதையை இவவுக்கு ஆர் சொன்னது? "என்னை ஒடுக்கி வச்சிருந்தவ கட்டாருக்குப் போய் நாலு வருசம், பிள்ளை" எண்டன். மிஸ் பேனையைக் கீழ வச்சிட்டா.

"ஐயா, ஒடுக்கி எண்டா கொண்டென்சர்."

அட கடவுளே! கொண்டென்சரை நான் கண்ணை மூடிக்கொண்டு கழட்டுவன். அதுக்குத் தமிழ்ப் பேர் இருக்கெண்டு ஆர் கண்டது? "அது வீட்டுக்கு வெளியில இருக்கும் பிள்ளை. உள் வெக்கையை எல்லாம் தான் வாங்கி வெளியால விடும். அது வெயிலுக்க கிடந்து காயும், உள்ளுக்க இருக்கிறவைக்குக் குளிர்..." எண்டு சொல்லிக்கொண்டு போனவன், பாதியில நிண்டிட்டன். உன்ர நினைவு வந்திட்டுது.

முடிவு வரும், நானும் வருவேன். கவலைப்படாமல் கையெழுத்தை வை. உடம்பைப் பார்த்துக்கொள். மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
பயணப் பையை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கும் உன் கணவன்,
மாரிமுத்து.

பி.கு: கடிதத்தை ஒட்டமுதல் மிஸ் போன் எடுத்தா. செய்முறை பாஸ், வாய்மொழி பெயில். ஆறு மாசத்தில திரும்ப வரட்டாம். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னா நீ ஏசுவாய். மேல எழுதினதெல்லாத்தையும் வெட்டிவிடு. கையெழுத்து வைக்காதை, சிவராணி. ஆறு மாசத்தில அந்தப் பிள்ளை திரும்பவும் ஒடுக்கி எங்க எண்டு கேக்கும். வீட்டில இருக்கிறா எண்டு நான் சொல்ல வேணும்.